சொந்தமாகச் செய்த பிரிண்டர் புரொஃபைலில் சாம்பல் எல்லாம் இளஞ்சிவப்பாக வருகிறது, அவசரம்

கருவிழி
வணக்கம் நண்பர்களே. போட்டோ பிரிண்டருக்கு முதல் தடவையாக நானே புரொஃபைல் (நிறங்களைச் சரியாக அச்சிட உதவும் கோப்பு) செய்தேன். கருப்பு வெள்ளைப் படம் போட்டால் நடுச் சாம்பல் முழுக்க இளஞ்சிவப்பு ஏறி வருகிறது. கலர் படத்தில் ஆட்களின் முகம் காய்ச்சல் கண்டது போல இருக்கிறது. தாளோடு வந்த புரொஃபைலே இதைவிட நன்றாக இருக்கிறது. ஸ்கிரீனில் சாஃப்ட் ப்ரூஃப் (அச்சு எப்படி வரும் என்ற முன்னோட்டம்) போட்டால் ஒரு குறையும் தெரியவில்லை. புரொஃபைல் செய்ய அச்சிட்ட நிறக் கட்டங்களின் சார்ட்டை இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டேன், அதே முடிவுதான். வெள்ளிக்கிழமைக்குள் 40 படம் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். எங்கே தப்பு?

மைப்புட்டி
கொஞ்சம் விவரம் வேண்டும். டை மையா, பிக்மெண்ட் மையா? கார்ட்ரிட்ஜ் பிரிண்டரோடு வந்ததா, வெளியில் நிரப்பியதா? என்ன தாள், டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருளில்) எந்தத் தாள் வகை வைத்தீர்கள்? எந்தக் கருவியால் அளந்தீர்கள்? எல்லாவற்றையும்விட முக்கியம்: சார்ட்டை எந்த மென்பொருளில் இருந்து, என்ன செட்டிங்கில் அச்சிட்டீர்கள்?

உலர்தாள்
எத்தனை மணி நேரம் காயவிட்டு அளந்தீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே. அச்சான உடனே அளந்தால் அந்த ஈரத்தோடு இருக்கும் நிறத்துக்குத்தான் புரொஃபைல் பொருந்தும். நான் ஒரே சார்ட்டை அரை மணியில் ஒரு முறை, மறுநாள் ஒரு முறை அளந்து பார்த்திருக்கிறேன். அடர்ந்த கட்டங்கள் எல்லாம் நகர்ந்திருந்தன. 24 மணி நேரம் காத்திருங்கள்.

அளவுகோல்
இதே கேள்வி மாதம் ஒரு முறையாவது இங்கே வருகிறது. தேடிப் பார்த்திருந்தால் பத்து பதில் கிடைத்திருக்கும். புரொஃபைல் என்பது பிரிண்டருக்கு மருந்து இல்லை. ஒரு பிரிண்டர், ஒரு மை, ஒரு தாள், ஒரு டிரைவர் செட்டிங், இந்த நான்கும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்று எழுதி வைத்த அட்டவணை. நான்கில் ஒன்று மாறினாலும் அட்டவணை செல்லாது. இந்த அடிப்படை பிடிபடாமல் கருவி வாங்கி ஒரு பயனும் இல்லை.

கருவிழி
டை மை, பிரிண்டரோடு வந்த அதே கார்ட்ரிட்ஜ். பளபளப்புத் தாள். மறுநாள் காலையில்தான் அளந்தேன். ஆர்கில் என்ற புரொஃபைல் மென்பொருளை வைத்துச் செய்தேன், 480 கட்டம். அதன் புரொஃப்செக் சோதனையை ஓட்டியதில் சராசரி டெல்டா ஈ (நிற வேறுபாட்டின் அளவு, குறைந்தால் நல்லது) 0.9 வந்தது. அப்படியென்றால் புரொஃபைலில் தப்பில்லை. பிரிண்டரில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன்.

அளவுகோல்
0.9-ஐப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். புரொஃப்செக், நீங்கள் அளந்த எண்களையும் அந்த எண்களிலிருந்தே செய்த புரொஃபைலையும் ஒப்பிடுகிறது. கணக்கு ஒழுங்காகப் போடப்பட்டிருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. சார்ட்டே தவறான செட்டிங்கில் அச்சாகியிருந்தாலும் இதே 0.9 வரும்.

நீலவெள்ளை
பளபளப்புத் தாள் என்கிறீர்கள். அதில் ஆப்டிகல் பிரைட்னர் (தாளை வெண்மையாகக் காட்டும் ரசாயனம்) நிறைய இருக்கும். புற ஊதா ஒளி பட்டதும் தாள் நீலமாக ஒளிரும், கருவி அதை நிஜ நீலம் என்று எடுத்துக்கொள்ளும், புரொஃபைல் அதை ஈடுகட்டப் போய் நிறம் கெடும். கருவியின் அளக்கும் ஒளி முறை எது, எம்0-வா, எம்1-ஆ? எம்2-வில் அளந்து பாருங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும். எனக்குத் தீர்ந்தது.

மைப்புட்டி
நீலவெள்ளை, பிரைட்னரால் வரும் கோளாறுக்குத் தனி முகம் உண்டு. தாள் நீலம் என்று நம்பும் புரொஃபைல் அதைச் சமன் செய்ய மஞ்சளைச் சேர்க்கும். அதுவும் வெளிச்சமான பகுதிகளில்தான் துலக்கமாகத் தெரியும், ஏனென்றால் அங்கேதான் மை குறைவு, தாள் வெளியே தெரிகிறது. இவருக்கு நடுச் சாம்பலில் இளஞ்சிவப்பு. பொருந்தவில்லை.

நீலவெள்ளை
எல்லாத் தாளும் ஒரே மாதிரி நடக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஐஎஸ்ஓ 13655 தரத்தின் 2009 பதிப்பில் எம்0, எம்1, எம்2 என்று பிரித்ததே இந்தத் தொல்லைக்காகத்தான். எம்1 என்றால் டி50 என்ற தரப் பகல் ஒளியைப் போல புற ஊதாவும் சேர்த்து. எம்2 என்றால் புற ஊதாவை வெட்டிவிட்டு. சும்மாவா பிரித்தார்கள்?

தண்டவாளம்
பிரித்ததன் காரணம் சரி. ஆனால் "எம்2-வில் அளந்தால் தீரும்" என்று எல்லோருக்கும் சொல்லக் கூடாது. படம் தொங்கப்போகும் இடத்தில் சன்னல் வெளிச்சம் இருந்தால் அங்கே தாள் ஒளிரத்தான் செய்யும். அப்போது எம்1-தான் கண்ணுக்குக் கிட்டே வரும். அப்புறம், வெள்ளை எல்.இ.டி. வைத்து அளக்கும் கருவிகளில் புற ஊதா ஏறக்குறைய இல்லவே இல்லை. அவர் கருவி அந்த ரகம் என்றால் அவருக்குத் தேர்ந்தெடுக்கவே ஒன்றுமில்லை. எந்தக் கருவி என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

நீலவெள்ளை
கண்காட்சிக்கூடங்களில் பல இடத்தில் கண்ணாடியே புற ஊதாவை வடிகட்டும். அங்கே எம்2-தான் சரி. ஆர்கில்லில் பிரைட்னரை ஈடுகட்டும் வசதி தனியாக இருக்கிறது, ஆனால் அதற்குப் புற ஊதா வடிகட்டாத கருவியால் எடுத்த நிறமாலை அளவு வேண்டும். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தண்டவாளம்
அதை மறுக்கவில்லை. படம் எங்கே தொங்கும் என்று கேட்காமல் மருந்து சொல்ல வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

சன்னலோரம்
எந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள்? மலிவான எல்.இ.டி. பல்புக்குக் கீழே என் சாம்பல் அச்சுகளும் சிவந்து தெரிந்தன. பகல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனதும் சரியாகிவிட்டன. நாசில் செக் (மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்ற சோதனை அச்சு) எடுத்தீர்களா? வெளிர் சயான் கோடு ஒன்றிரண்டு விட்டுப்போயிருந்தாலே சாம்பல் சிவப்புப் பக்கம் சாயும்.

மைப்புட்டி
அவர் முதல் பதிவை இன்னொரு முறை படியுங்கள். தாளோடு வந்த புரொஃபைல் அதே பிரிண்டரில், அதே தாளில், அதே பல்புக்குக் கீழே நன்றாக வருகிறது. நாசில் அடைத்திருந்தால் அதுவும் கெட்டிருக்க வேண்டும். வெளிச்சம் காரணம் என்றால் அதுவும் சிவந்திருக்க வேண்டும். ஆக, சார்ட் அச்சான விதம்தான் மிச்சம்.

கருவிழி, ஒரு சோதனை சொல்கிறேன். இதற்குக் கருவி தேவையில்லை. பழைய சார்ட் தாளைத் தூக்கி எறியவில்லையே? அதே சார்ட் கோப்பை, இப்போது படங்களை அச்சிடும்போது டிரைவரில் என்ன செட்டிங் வைக்கிறீர்களோ அதிலேயே, புரொஃபைல் எதுவும் போடாமல் இன்னொரு முறை அச்சிடுங்கள். காய்ந்ததும் இரண்டையும் சன்னல் பக்கத்தில் அருகருகே வைத்துச் சாம்பல் கட்டங்களை மட்டும் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் நான் சொன்னது தப்பு. வேறுபட்டால், நீங்கள் செய்த புரொஃபைல் வேறு ஒரு பிரிண்டரைப் பற்றி எழுதியது.

கருவிழி
சார்ட்டை அடோபி கலர் பிரிண்டர் யூட்டிலிட்டியில்தான் அச்சிட்டேன். அது நிறத்தைத் தொடாது என்று படித்தேன், அதனால்தான் முதலில் எழுதவில்லை.

அளவுகோல்
அதைத்தானே முதலில் எழுதியிருக்க வேண்டும். 2010-ல் போட்டோஷாப் சி.எஸ்.5 வந்தபோது "நிற நிர்வாகம் வேண்டாம்" என்ற தேர்வை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் அந்த யூட்டிலிட்டி. அது தன் பங்குக்கு நிறத்தை மாற்றாது, அவ்வளவே. அதற்கு அடுத்து டிரைவர் என்று ஒன்று இருக்கிறது. டிரைவருக்குள் நிறத் திருத்தம் ஆன் ஆகி இருந்தால் யூட்டிலிட்டியால் தடுக்க முடியாது. அச்சு விண்டோவில் நீங்களே உள்ளே போய் அணைக்க வேண்டும்.

உலர்தாள்
காயவிடுவது பற்றி நான் சொன்னதும் இருக்கட்டும். புதுச் சார்ட்டையும் அதே 24 மணி நேரம் காயவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

கருவிழி (மறுநாள்)
இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டேன். கண்ணாடி போடாமலே வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. பழைய சார்ட்டில் சாம்பல் வரிசை நல்ல சாம்பலாகவே இருக்கிறது. புதியதில் அதே வரிசை, வெளிர் முனையிலிருந்து நாலாவது ஐந்தாவது கட்டத்திலேயே ரோஜா நிறம் தட்டி, நடுவில் நன்றாக ஏறி, கருப்பை நெருங்கும்போது குறைகிறது. என் படங்களில் வரும் அதே சிவப்பு. ஒரு படத்தின் ஓரத்தை வெட்டி மேலே வைத்தால் கட்டத்தோடு ஒட்டிப் போகிறது.

படங்களுக்கு முன்பே சேமித்த செட்டிங் ஒன்று உண்டு, அதில் நிறத் திருத்தம் அணைந்திருக்கிறது. யூட்டிலிட்டி வழியாக சார்ட் அச்சிட்டபோது டிரைவர் விண்டோவைத் திறக்கவே இல்லை. இப்போது திறந்து பார்த்தால் தானாக இருக்கும் தேர்வில் திருத்தம் ஆன்.

மைப்புட்டி
இதுதான். என்ன நடந்தது என்றால்: திருத்தம் ஆன் ஆகி இருந்தபோது டிரைவரே சாம்பலைச் சரிசெய்து கொடுத்தது. கருவி அதை அளந்தது. "இந்தப் பிரிண்டருக்குச் சமமான சிவப்பு, பச்சை, நீல எண் கொடுத்தால் சாம்பல்தான் வரும்" என்று புரொஃபைல் எழுதிக்கொண்டது. படம் அச்சிடும்போது திருத்தம் அணைந்துவிட்டது, பிரிண்டரின் இயல்பான சிவப்பு வெளியே வந்தது. புரொஃபைலுக்கு அந்தச் சிவப்பு இருப்பதே தெரியாது, பிறகு எப்படித் திருத்தும்? சாஃப்ட் ப்ரூஃபில் குறை தெரியாததும் இதனால்தான், ப்ரூஃபும் அதே புரொஃபைலைக் கேட்டுத்தான் காட்டுகிறது. தாளோடு வந்த புரொஃபைல் திருத்தம் இல்லாத நிலையில் செய்யப்பட்டது, அதனால் பொருந்துகிறது.

இரண்டு முறை அளந்தும் மாறாததற்குக் காரணமும் அதே. இரண்டு முறையும் அதே பழைய தாள்.

இனி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நேற்று அச்சிட்ட புதுச் சார்ட் வீணாகாது, அதுதான் சரியான சார்ட். அதையே அளந்து புரொஃபைல் செய்யுங்கள். தாள் வகையும் அச்சுத் தரமும் அதே சேமித்த செட்டிங்கில் இருக்கட்டும். தாள் வகை மாறினால் மையின் அளவே மாறிவிடும்.

நீலவெள்ளை
480 கட்டம் போதாது. குறைந்தது 1500 வையுங்கள், சாம்பல் வழுவழுப்பாக வரும்.

தண்டவாளம்
ஒழுங்காக நடந்துகொள்ளும் பிரிண்டருக்கு 480 போதும், அதில் சாம்பல் கட்டங்கள் தாராளமாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. இவருக்கு வெள்ளிக்கிழமை கெடு இருக்கிறது. தவறான செட்டிங்கில் 1500 அளந்திருந்தாலும் இதே சிவப்புதான் வந்திருக்கும்.

நீலவெள்ளை
கெடுவை நான் கவனிக்கவில்லை. சரி, இப்போதைக்கு 480 போதும்.

கருவிழி (வியாழன் இரவு)
புதிய புரொஃபைல் ஓடுகிறது. சாம்பல் சாம்பலாகவே இருக்கிறது, முகங்களும் சரியாகிவிட்டன. 26 படம் முடிந்தது. எல்லோருக்கும் நன்றி, மைப்புட்டிக்குத் தனியாக. இரவுப் படங்களில் மட்டும் கருப்புக்குள் விவரம் மூழ்குகிறது. இதற்கும் புரொஃபைல்தான் காரணமா?

அளவுகோல்
ரெலட்டிவ் கலரிமெட்ரிக் என்ற நிற மாற்று முறையை வைத்து பிளாக் பாயிண்ட் காம்பன்சேஷனை (படத்தின் கருப்பைத் தாளின் கருப்போடு பொருத்தும் வசதியை) அணைத்திருப்பீர்கள். அதை ஆன் செய்யுங்கள். அணைந்திருந்தால், தாளால் காட்ட முடியாத அடர் நிழல்கள் எல்லாம் ஒரே கருப்பாக வெட்டுப்படும். பழைய சார்ட்டின் பின்பக்கத்தில் "திருத்தம் ஆன்" என்று எழுதி வையுங்கள், இன்னொரு நாள் தவறுதலாக அதை எடுத்து அளந்துவிடாமல் இருக்க.

மைப்புட்டி
அவர் சொன்னதைச் செய்தும் நிழல் திறக்கவில்லை என்றால் டிரைவரில் எந்தத் தாள் வகை வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். முதல் நாளே கேட்டேன், அது மட்டும் இன்னும் வரவில்லை.