உயில் இல்லாத அம்மாபேட்டை வீடு: மகனுக்குப் பின் இறந்த அப்பாயிக்குப் பங்கு உண்டா?

குகை_சேலம்:
அப்பா 2019-ல் உயில் எழுதாமல் தவறிவிட்டார். அம்மாபேட்டை வீடு அவருடைய சுய சம்பாத்தியம், பத்திரமும் அவர் பெயரில்தான். அம்மா, நான், ஓமலூரில் கட்டிக்கொடுத்த தங்கை இருக்கிறோம். அண்ணன் அப்பாவுக்கு முன்பே இறந்துவிட்டார். அண்ணியும் 12, 9 வயதில் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாத்தா எப்போதோ போய்விட்டார். அப்பாயி (அப்பாவின் அம்மா) காலமானது 2022-ல். அப்பாவின் வாரிசுச் சான்றில் அவர் பெயரே இல்லை. இப்போது வீட்டை விற்கப் போனால், வாங்குபவரின் வக்கீல் அப்பாயி பங்கைக் கேட்கிறார். சித்தப்பா ஒருவர், அத்தை ஒருவர் உண்டு. அவர்களும் கையெழுத்துப் போட வேண்டுமா?

மூக்கனேரி:
ஆமாங்க, போடத்தான் வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். தாயை விட்டுவிடுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு.

2019-ல் ஐந்து பங்கு: அம்மா, அப்பாயி, நீங்கள், தங்கை, அண்ணன் கிளை. அண்ணன் கிளையின் 1/5 அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 1/15.

அப்பாயியின் 1/5, அவர் இறந்ததும் பிரிவு 15-ன்படி அவருடைய பிள்ளைகளுக்குப் போகிறது: சித்தப்பாவுக்கு 1/15, அத்தைக்கு 1/15, உங்கள் அப்பாவின் 1/15 உங்களுக்கும் தங்கைக்கும் சரிபாதி. மருமகளான உங்கள் அம்மாவுக்கு இதில் பங்கில்லை. அண்ணன் பிள்ளைகளுக்கும் இல்லை. அந்தப் பிரிவு, அப்பாயிக்கு முன்பே இறந்த மகனின், அதாவது உங்கள் அப்பாவின், பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது. முப்பது பாகமாக வைத்தால் அம்மா 6, நீங்கள் 7, தங்கை 7, அண்ணன் குடும்பம் 6, சித்தப்பா 2, அத்தை 2. அப்பாயி உங்கள் அப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால் வீடு நான்கு பங்கோடு முடிந்திருக்கும். யார் முதலில் இறந்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு இறப்புச் சான்றுகளிலும் தேதியைச் சரிபாருங்கள்.

குகை_சேலம்:
நன்றிங்க. சித்தப்பாவும் அத்தையும் வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டார்கள். அது போதாதா?

ஐந்துரோடு:
போதாதுங்க. அசையாச் சொத்தில் பங்கை விட்டுக்கொடுப்பது பதிவு செய்த பத்திரமாக இருந்தால்தான் செல்லும். வெள்ளைத்தாளிலோ முத்திரைத்தாளிலோ எழுதி வாங்கிப் பெட்டியில் வைப்பதால் பயனில்லை. ஆனால் நீங்கள் விற்கப் போகிறீர்கள்; தனியாக விடுதலைப் பத்திரத்துக்குச் செலவு செய்வானேன்? எல்லோரும் விற்பவர்களாக ஒரே கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் தீர்ந்தது.

அதற்கு முன் அப்பாயிக்குத் தனி வாரிசுச் சான்று, அப்பாவின் சான்றில் திருத்தம், இரண்டுக்கும் இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாருக்கு மனுப் போடுங்கள். அந்தச் சான்று யார் வாரிசு என்று மட்டுமே சொல்லும், பங்கைப் பிரிக்காது.

உங்கள் விஷயத்தில் பெரிய சிக்கல் சித்தப்பா இல்லை, அண்ணன் பிள்ளைகள். மைனர் பங்கை விற்க அண்ணி கையெழுத்து மட்டும் போதாது. முன்கூட்டியே மாவட்ட நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றால் 18 வயதான பிறகு மூன்று ஆண்டுக்குள் அவர்கள் வழக்குப் போட்டு அந்த விற்பனையை ரத்து செய்யலாம். விவரம் தெரிந்த வக்கீல் இதைக் கேட்காமல் விடமாட்டார். அட்வான்ஸ் வாங்கும்முன் அந்த மனுவைப் போட்டுவிடுங்கள். ஒப்பந்தக் கெடு அதற்குள் முடிந்துவிடக் கூடாது.

சேர்வராயன்:
படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. இந்தக் கணக்கை அப்படியே ஏற்காட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள். அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு, பிரிவு 2(2)-ன்படி மத்திய அரசு அறிவிக்கை இல்லாமல் இந்தச் சட்டம் பொருந்தாது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு 1/3, பிள்ளைகளுக்கு 2/3. பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவரின் தாய்க்கு அதில் பங்கு கிடையாது.