டூவே அப்டேட்: கடைசில எது வாங்குனோம்

மக்களே, லண்டன் குளிருக்கு டூவே (உள்ள இறகோ ஃபைபரோ அடைச்ச தடிமனான போர்வை) 13.5 டாக் (கதகதப்பு அளவு, நம்பர் ஏற ஏற கதகதப்பு ஜாஸ்தி) வாங்கணுமா இல்ல 10.5 போதுமான்னு கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட். ரெண்டுமே வாங்கல. ஆல் சீசன்ஸ் செட்னு விக்கிறாங்களே, 4.5 ஒண்ணு 9 ஒண்ணு, அதான் எடுத்தோம். ஓரத்துல பிரஸ் பட்டன் இருக்கு, நல்ல குளிர்ல ரெண்டையும் சேத்து மாட்டினா 13.5, சுமாரான குளிருக்கு 9 மட்டும், வெயில் காலத்துக்கு 4.5.

உள்ள அடைச்சது இறகா ஃபைபரான்னு ஒரு சண்டையே நடந்துச்சு இங்க. டாக் நம்பர் ஒண்ணுன்னா கதகதப்பும் ஒண்ணுதான், இறகு வெயிட் கம்மி, விலை ஜாஸ்தி, அவ்ளோதான். நாங்க எடுத்தது ஹாலோஃபைபர் (செயற்கை இழை), வீட்ல ஒருத்தருக்கு தும்மல் பிரச்சனை.

சைஸ்தான் முக்கியம். கிங் கட்டிலுக்கு கிங் டூவே (225x220 செ.மீ) போட்டா நடுராத்திரி இழுபறி நிச்சயம், அதனால சூப்பர் கிங் 260x220 எடுத்தோம், ரெண்டு பக்கமும் நல்லா தொங்குது. கவரும் அதே சைஸ்லயே வாங்குங்க.

கவர் மாட்ட ஒரு ட்ரிக்: கவரை உள்வெளியா திருப்பி, கையை உள்ள விட்டு மூலை ரெண்டையும் புடிச்சுக்கிட்டு அப்படியே டூவே மூலைங்களை கவ்வி உதறணும், தலையணை உறை மாதிரி திணிச்சீங்கன்னா உள்ள உருண்டைதான். மூலைல நாடா இருந்தா கட்டிடுங்க.

துவைக்க நம்ம வீட்டு மெஷின் பத்தாது, லாண்டரெட்ல (காசு குடுத்து நாமளே துவைக்கிற கடை) பெரிய மெஷின் இருக்கு. ட்ரையர்ல ரெண்டு டென்னிஸ் பால் சேத்து போட்டா கட்டி கட்டுறதில்ல. நடுவுல ஈரம் இருக்கான்னு கையால அமுக்கிப் பாத்துட்டு எடுங்க, இல்லன்னா நாறும்.