மூட்டு மாத்தற ஆபரேஷன்: டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்?

மலைக்காரி:
வயசு 61. ஏற்காடு நாகலூர் பக்கம் ரெண்டு ஏக்கர் காப்பி, நடுவுல சில்வர் ஓக்ல மிளகுக்கொடி. வலது முழங்கால் மூணு வருஷமா மக்கர். போன தடவை 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய், டாக்டர் ரூம்ல உட்கார்ந்தது அஞ்சே நிமிஷம். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துட்டு "தேஞ்சிடுச்சும்மா, மாத்திடலாம்"னார். நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன். பஸ் ஏறினப்புறம் கேக்க வேண்டியதெல்லாம் வரிசையா ஞாபகம் வருது. அடுத்த புதன் சேலத்துல வேற சர்ஜனைப் பார்க்கப் போறேன். கார்த்திகை, மார்கழியில பழம் எடுக்கணும், அதுக்குள்ள நடமாடணும். வீட்டுல கக்கூஸ் இந்தியன் டைப்தான்.

அம்மாப்பேட்டை தறிக்காரன்:
அக்கா, எனக்கு ரெண்டு காலும் மாத்தி நாலு வருஷமாச்சு. வலி எங்கன்னு கேட்டா முட்டியைத் தொட்டுக் காட்டிட்டு நிறுத்திடாதீங்க. நான் குழித்தறிக்காரன், குழிக்குள்ள காலைத் தொங்கப்போட்டு மிதிக்கறதுல சிரமமில்ல, இறங்கி ஏறறதுதான் உசுரு போகுதுன்னேன். அப்புறந்தான் அந்த டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டுப் பேசினார். நீங்களும் கூடையோட சரிவு இறங்கறது, மிளகுக்கு ஏணி ஏறறது, கக்கூஸ், எல்லாத்தையும் சொல்லுங்க. என்னைக் குந்தவே கூடாதுன்னுட்டார். கோயில் அன்னதானத்துல எல்லாரும் தரையில, நான் மட்டும் நாற்காலியில. அது இன்னும் உறுத்துது.

அப்புறம் பில்லு. செயற்கை மூட்டுக்கு 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு உச்சவிலை வெச்சாங்க. அது மூட்டுக்கு மட்டுந்தான். ரூம், தியேட்டர், பிசியோ தனி. மூட்டு எவ்வளவு, எந்தக் கம்பெனி, மொத்தம் எவ்வளவுன்னு பிரிச்சுக் கேளுங்க.

அஸ்தம்பட்டி பிசியோ:
அம்மா, எக்ஸ்ரே படுத்து எடுத்ததா, நின்னு எடுத்ததா? நின்னு எடுத்தாத்தான் எலும்பிடுக்கு எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு சரியாத் தெரியும். முட்டிக்குள்ள ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா, அந்தப் பக்கத்தை மட்டும் மாத்தற பாதி மூட்டு போதுமான்னு கேளுங்க. தசைப் பயிற்சியில தள்ளிப்போட முடியுமான்னும் கேளுங்க.

சர்க்கரை இருந்தா மூணு மாச சராசரி (HbA1c) ரிப்போர்ட் வேணும். ஏறிக்கிடந்தா சீழ் பிடிக்கும்னு தேதியைத் தள்ளுவாங்க. சொத்தைப்பல், கால்புண் எதையும் மறைக்காதீங்க. நாட்டு மருந்து உட்பட சாப்பிடற மாத்திரை எல்லாம் அட்டையோட கொண்டு போங்க. ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. வீட்டுக்குள்ள நடக்கறது சில வாரத்துல வந்துடும். கூடையோட சரிவுன்னா மாசக்கணக்கு.

மலைக்காரி:
எக்ஸ்ரே படுத்துத்தான் எடுத்தாங்க! சர்க்கரை சராசரி 8.2. புதன்கிழமை பையனையும் கூட்டிட்டுப் போறேன், அவன் எழுதிக்கட்டும். இந்த வருஷப் பழத்துக்கு ஆளைப் போட்டுக்கறேன். கக்கூஸுக்கு மட்டும் மேஸ்திரியை நாளைக்கே வரச் சொல்லிட்டேன்.