பழைய வால்வ் டெஸ்டர்: பவர் வால்வுக்கு மட்டும் ரீடிங் குறைகிறது, உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. 1950களைச் சேர்ந்த மியூச்சுவல் கண்டக்டன்ஸ் டெஸ்டர் (வெற்றிடக் குழாய் வால்வில் கிரிட் வோல்டேஜ் மாறும்போது பிளேட் மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் கருவி) ஒன்றைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். பிளேட் சப்ளைக்கு 83 என்ற பாதரச ஆவி ரெக்டிஃபையர் (ஏசியை டிசி ஆக்கும் வால்வ்), ஸ்கிரீனுக்கும் பயாஸுக்கும் 5ஒய்3 என்ற இன்னொரு ரெக்டிஃபையர் வால்வ்.

12ஏஎக்ஸ்7 போன்ற சின்ன வால்வுகளுக்கு ரீடிங் சரியாகவே வருகிறது. 6வி6, 6எல்6 போன்ற பவர் வால்வுகளைப் போட்டால் புதியவை கூட தேய்ந்தவை போலக் காட்டுகின்றன. 250 வோல்ட்டில் 6வி6 சுமார் 4100 மைக்ரோமோ (மியூச்சுவல் கண்டக்டன்ஸின் அலகு) தர வேண்டும், பக்கத்திலேயே வரவில்லை. மின்னோட்டம் கூடும்போது சப்ளை தொய்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

செலக்டர் சுவிட்சுகளையும் சாக்கெட்டுகளையும் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்தேன். மதிப்பு ஏறிப்போன கார்பன் ரெசிஸ்டர்களை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் லைன் அட்ஜஸ்ட் (மெயின்ஸ் வோல்டேஜுக்கு ஏற்பச் சரிசெய்யும் கன்ட்ரோல்) வைத்த பிறகே அளக்கிறேன்.

அப்புறம், 83-ஐ எடுத்துவிட்டு டையோடு போடலாமா? பாதரச ஆவியில் எந்த லோடிலும் ஏறக்குறைய 15 வோல்ட் இறங்கும், டையோடில் ஒரு வோல்ட்தான். அந்த வித்தியாசத்துக்கு வெறும் ரெசிஸ்டர் ஒத்துவராது, ஜீனர் (மின்னோட்டம் மாறினாலும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜை இறக்கும் டையோடு) வேண்டும் என்பது என் கணிப்பு. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. பிளேட் சப்ளையில் ஃபில்டர் கெப்பாசிட்டர் இல்லை, துடிக்கும் டிசி. இதைச் சாதாரண மல்ட்டிமீட்டரில் அளந்தால் சராசரிதானே வரும், அந்த எண்ணை வைத்தே காலிபரேட் செய்யலாமா?

இதே மாதிரி டெஸ்டர் வைத்திருப்பவர்கள், 6எல்6 போட்டபோதும் போடாதபோதும் பிளேட் வோல்டேஜ் எவ்வளவு என்று அளந்து சொன்னால் பெரிய உதவி. உள்ளே உயர் மின்னழுத்தம், கவனமாக அளக்கவும்.