லேப்டாப் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துகிறவர்கள் யார் யார்? பேட்டரி உப்பிப் பார்த்தவர்களும் எழுதுங்கள்

முத்தியால்பேட்டைவாசி:
நேரு வீதிப் பக்கம் ஒரு சர்வீஸ் கடை. தம்பியின் லேப்டாப்புக்குக் கீபோர்டு மாற்றப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, மகளின் காலேஜ் லேப்டாப்பை நீட்டி, "டச்பேட் அமுங்கவே மாட்டேங்குது தம்பி" என்றார். கடைப் பையன் அடிமூடியைக் கழற்றினால், பேட்டரி பூரி மாதிரி உப்பி டச்பேடைக் கீழிருந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. பசை போட்டு ஒட்டியிருந்ததால் கையோடு வரவில்லை. பையன் தட்டை ஸ்க்ரூடிரைவரை அடியில் செருகி நெம்ப ஆரம்பித்தான்! ஏசி கடை, கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கிறது, வெளியே ஓட வேண்டுமென்றால் அவனைத் தாண்டித்தான் ஓட வேண்டும். நிறுத்துப்பா என்றேன். "டெய்லி எடுக்கறதுதான் சார்" என்றான். சொல்லி வாய் மூடவில்லை, நெயில் பாலிஷ் வாசனை குப்பென்று வந்தது. உறை கிழிந்துவிட்டது. உள்ளேயிருந்து முதலாளி ஓடிவந்து அதைப் பிடுங்கி வாசலில் இருந்த மணல் வாளியில் போட்டார். சார்ஜ் சுத்தமாக இறங்கியிருந்ததால் புகை வரவில்லை என்று பிறகு சொன்னார். அந்த அம்மா, "ராத்திரி பூரா சார்ஜ்லயே கிடக்கும், அதனாலயா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே கேட்கிறேன்.

மஞ்சக்குப்பம் ஆடிட்டிங்:
அதனாலும்தான். எங்கள் ஆபீஸில் லேப்டாப் எல்லாம் பெயருக்குத்தான் லேப்டாப். பெரிய மானிட்டர், தனி மவுஸ், மூடியைச் சாத்திவிட்டு வருஷம் முழுக்க பிளக்கிலேயே இருக்கும். டச்பேடை யார் தொட்டார்கள், தெரிய வர? மேற்கு ஜன்னலோரம் இருந்த ஒன்று, அக்னி நட்சத்திர வெயிலில், மேஜையில் நிற்காமல் ஆட ஆரம்பித்தது. பையன் அதன் அடியில் பேப்பரை மடித்து வைத்து டைப் அடித்துக்கொண்டிருந்தான். அடிப்பக்கம் வளைந்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது எல்லாவற்றிலும் சார்ஜ் 60-ஐத் தாண்டாதபடி செட்டிங் போட்டாயிற்று.

ஓ.டி. பையன்:
60 எல்லாம் ஆபீஸுக்குச் சரி. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த ராத்திரி ஞாபகம் இருக்கா? யாரோ சொன்னார்கள் என்று நானும் 60 வைத்திருந்தேன். கரண்ட் போனது. விடிவதற்குள் அனுப்ப வேண்டிய வேலை பாதியில் நிற்க, கண் முன்னால் ஸ்கிரீன் அணைந்தது. பேட்டரி வீணானால் வேறு வாங்கிக்கொள்வேன். அன்று போன வேலை போனதுதான். பேட்டரி எனக்காகவா, நான் பேட்டரிக்காகவா?

ரெட்டியார்பாளையம் ரிட்டயர்டு:
தம்பி, கோபம் நியாயம், ஆனால் முடிவு தப்பு. புயல் எச்சரிக்கை வந்த அன்றைக்கே 100-க்கு மாற்ற வேண்டியது, கரண்ட் நிலையானதும் திரும்ப இறக்க வேண்டியது. வருஷத்தில் சில நாள் 100-இல் இருந்தால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் 100-இலேயே, அதுவும் சூட்டில் கிடப்பதுதான் கெடுதல். வழக்கமான லித்தியம் செல் நிறையும்போது 4.2 வோல்ட் வரை போகும். அந்த உச்சத்தில் நின்று வெப்பமும் சேர்ந்தால், உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் சிதைந்து வாயு உண்டாகும். உறையோ ஒட்டி மூடியது, வாயு வேறெங்கே போகும்? 80-இல் நிறுத்தினால் வோல்டேஜ் குறையும், சிதைவும் மெதுவாகும். ஏசுஸின் பல மாடல்களில் 60, 80, 100 என்று தேர்வு உண்டு. லெனோவோவில் இதற்குக் கன்சர்வேஷன் மோட் என்று பெயர். டெல், எச்பி என்றால் பல மாடல்களில் பயாஸுக்குள், அதாவது லேப்டாப் ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங்குக்குள், போய்ப் பார்க்கலாம். மெத்தை மேல் வைத்து சார்ஜ் போடாதீர்கள். அப்புறம், பேரனின் லேப்டாப்பை முழுசாக சார்ஜ் ஏற்றிப் பீரோவில் பூட்டி வைத்தார்கள், அதுவும் உப்பியது. சும்மா வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள், சுத்தமாக இறங்கவும் விடக்கூடாது. உப்பிய பிறகு 80 போட்டுப் பிரயோஜனமில்லை, உள்ளே உண்டான வாயு மறையாது. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மூடியை அமுக்காமல் விட்டுவிடுங்கள். ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யூடியூபில் ஒருவன் காட்டுகிறான், அவனை நம்பாதீர்கள். இன்னொன்று, முத்தியால்பேட்டை நண்பரே, மணல் சூட்டைத் தணிக்காது. தீப்பிடித்தால் முதலில் ஆட்கள் வெளியே. மெயினை அணைத்துவிட்டுத் தூர நின்று ஊற்ற முடிந்தால் தண்ணீர், அதுவும் நிறைய.

முத்தியால்பேட்டைவாசி:
ஐயா, மணல் வாளி கடைக்காரருடையது. நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவன்.

சில்வர் பீச் ரோடு:
என்னுடையது பழசு, பயாஸிலும் இந்த செட்டிங் இல்லை. என்ன செய்ய? வீட்டில் ஏற்கெனவே உப்பிய பேட்டரி ஒன்று கிடக்கிறது, குப்பை வண்டியில் போடலாமா?

மஞ்சக்குப்பம் ஆடிட்டிங்:
போடவே போடாதீர்கள், வண்டியில் நசுங்கினால் அங்கேயே பற்றும். 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி பழசைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு. அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டருக்கு முதலில் போன் போட்டுக் கேளுங்கள். செட்டிங் இல்லையென்றால் 80 வந்ததும் கையால் பிடுங்குவதுதான், நானும் வீட்டில் அப்படித்தான்.

ஓ.டி. பையன்:
கையால் பிடுங்கறதா! அதுக்கு நான் 100-லயே இருந்துட்டுப் போறேன்.

ரெட்டியார்பாளையம் ரிட்டயர்டு:
சில்வர் பீச் ரோடு நண்பரே, உங்கள் மாடல் எண்ணைப் போடுங்கள், செட்டிங் வேறெங்காவது இருக்கிறதா பார்க்கலாம்.