தெல்மா ரிட்டர்: இரண்டு மணி நேர அமர்வுக்கு எதைத் திரையிடலாம்?

அடையாறு ரசிகை:
எங்கள் திரைப்பட வட்டத்தில் அடுத்த மாதம் பழைய ஹாலிவுட் நடிகை தெல்மா ரிட்டர் பற்றி ஓர் அமர்வு வைக்கிறோம். அடையாறில் 40 பேர் உட்காரும் அறை, இரண்டு மணி நேரம். முழுப்படம் போடுவதா, துண்டுக் காட்சிகளா? ஆறு முறை ஆஸ்கர் பரிந்துரை வந்தும் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லையே, அதிலிருந்து பேச்சைத் தொடங்கலாமா?

பிலிம்சுருள்:
ஆஸ்கரில் தொடங்காதீர்கள் மேடம். கடைசிவரை 'பாவம், கிடைக்கலையே' என்றே பேச்சு ஓடும், நடிப்பு காணாமல் போய்விடும்.

முழுப்படம் என்றால் சாமுவேல் ஃபுல்லரின் 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' (1953). 80 நிமிடம்தான். டை விற்றுக்கொண்டே போலீசுக்குத் துப்பும் விற்கும் மோ என்ற கிழவி. அனாதைப் பிணமாகப் புதைபடக் கூடாது, சொந்தமாக ஒரு கல்லறை இடம் வேண்டும் என்று காசு சேர்க்கிறாள். அவள் சாகும் காட்சியில் அழுகையே கிடையாது. வேலை முடிந்து வீடு திரும்பிய அலுப்புதான் குரலில் இருக்கும். அதனால்தான் அது இவ்வளவு வலிக்கிறது.

முன்னால் இரண்டு துண்டுகள் போதும். 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' (1947): 45 வயதில் முதல் படம், டைட்டிலில் பெயர்கூட இல்லை. பிள்ளை கேட்ட பொம்மைக்காக அலைந்து களைத்த தாய், சில நிமிடம் வந்து போவார். அடுத்து 'ரியர் விண்டோ'வில் (1954) நர்ஸாக ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு முதுகு தேய்த்துவிடும் காட்சி. கைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். கை வேலையில் இருக்கும், வாய் அறிவுரை சொல்லும். அதனால்தான் அந்த நீள வசனம் பிரசங்கமாகத் தோன்றுவதில்லை.

மயிலை வாசகன்:
விருதுக் கேள்வி எப்படியும் வரும், தயாராக இருங்கள். ஆறுமே துணை நடிகை பிரிவில். 1950 முதல் 1953 வரையான படங்களுக்குத் தொடர்ந்து நான்கு, பிறகு 1959, 1962. 'ஆல் அபவுட் ஈவ்' படத்துக்காக அவரும் செலஸ்ட் ஹோமும் ஒரே பிரிவில் மோதினார்கள். வென்றது ஜோசஃபின் ஹல். 'தி மேட்டிங் சீசன்' (1951) கதையைத் தாங்குவதே அவர்தான்: மகன் வீட்டிலேயே சமையல்காரியாக நுழையும் தாய். அதற்கும் துணை நடிகைப் பரிந்துரைதான்! மேடை அப்படி விடவில்லை. 'நியூ கேர்ள் இன் டவுன்' இசை நாடகத்துக்காக 1958இல் சிறந்த நாயகிக்கான டோனி விருதை (அமெரிக்க மேடை நாடக விருது) உடன் நடித்த க்வென் வெர்டனோடு பகிர்ந்துகொண்டார்.

'ஹாலிவுட் மனோரமா' என்று மட்டும் அறிமுகப்படுத்த வேண்டாம். ஆச்சி இளவயதிலேயே சினிமாவுக்கு வந்து, சொந்தக் குரலில் பாடி, நகைச்சுவை ஜோடியாக வளர்ந்தவர். 'புதிய பாதை'க்குத் தேசிய விருதும் வாங்கினார். ரிட்டர் நடுவயது முகத்தோடுதான் திரைக்கே வந்தார்.

டெக்னிக்கல் உதவி:
முழுப்படமும் 'மிராக்கிள்' துண்டும் ஏறக்குறைய 4:3 சட்டகம் (அகலம்:உயரம்). புரொஜெக்டர் 16:9இல் நின்றால் முகங்கள் அகலமாக இழுபடும். 'ரியர் விண்டோ' அதைவிட அகலம், ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் சட்டக அளவைச் சரிபார்த்து வையுங்கள். 'மிராக்கிள்' வண்ணம் பூசிய பதிப்பாகவும் சுற்றுகிறது. கறுப்பு வெள்ளையையே எடுங்கள். அமெரிக்க ப்ளூ-ரே டிஸ்க்கின் பிராந்தியக் குறியீடு ரீஜன் ஏ, நம் நாட்டுக்கு சி; குறியீடு பொருந்தாவிட்டால் ஓடாமல் போகலாம். பிளேயரில் முதல் நாளே போட்டுப் பாருங்கள். டிஸ்க் வாங்கினால் பொதுத் திரையிடல் உரிமை வந்துவிடாது, அனுமதியைத் தனியாகக் கேட்க வேண்டும். ரிட்டரின் ப்ரூக்ளின் (நியூயார்க்) பேச்சு வேகமானது, சப்டைட்டில் கட்டாயம். 'பாட்டர்ஸ் ஃபீல்ட்' என்றால் அனாதைப் பிணங்களைப் புதைக்கும் இடம் என்று படத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அது புரியாவிட்டால் மோவின் பயமே பிடிபடாது.