மூன்றாவது ஜோடியைப் பார்க்காமல் விட்டேன்

ரங்கூன் தாமுவேயில் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் அரை எச்.பி. ஏப்ரலில், திஞ்சானுக்கு (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) முதல் நாள், முனகிக்கொண்டே நின்றுவிட்டது. லைனில் வோல்ட்டேஜ் 170தான், அதில் பம்பை இழுக்க மோட்டார் கரண்டை அதிகமாக வாங்கிச் சூடாகும் என்று தெரிந்தும் தொட்டி நிரம்பட்டுமே என்று ஓடவிட்டது என் தப்பு.

மெயினை அணைத்து, கண்டென்சரை டிஸ்சார்ஜ் செய்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓமில் வைத்தேன். மோட்டாரிலிருந்து வருவது மூன்று ஒயர்: ரன்னிங் காயிலுக்கு ஒன்று, ஸ்டார்ட்டிங் காயிலுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாகக் காமன். காமனுக்கும் ரன்னிங்குக்கும் ஓ.எல். (தொடர்பே இல்லை என்று மீட்டர் காட்டுவது), காமனுக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் ஓ.எல். போச்சு, காயில் அறுந்துவிட்டது என்று அத்தோடு மீட்டரை மூடினேன். திஞ்சான் முடிகிறவரை ஒரு கடையும் திறக்காது. ஊரே தண்ணீரை வாரி இறைக்க, நான் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து வாளியில் சுமந்தேன்.

கடை திறந்ததும் தூக்கிக்கொண்டு போனேன். காயில் கட்டுகிற பெரியவர் மீட்டரை வைத்தார்: காமனிலிருந்து ரன்னிங்குக்கு 12 ஓம், ஸ்டார்ட்டிங்குக்கு 18, ரன்னிங்குக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் நடுவில் 30. "ரெண்டையும் கூட்டு தம்பி, மூணாவது வருதா?" வந்தது! "சூட்டோட பார்த்தியாக்கும்" என்று சிரித்தார். காமன் லைனில் உள்ளே ஒரு தெர்மல் சுவிட்ச் இருக்கிறதாம், சூடேறினால் தொடர்பை விட்டுவிடும், ஆறினால் தானாகச் சேரும். அன்றைக்கே மூன்றாவது ஜோடியில் வைத்திருந்தால் 30 காட்டியிருக்கும், காயிலில் குறையில்லை என்று தெரிந்திருக்கும். காசு வாங்கவில்லை, அதுதான் இன்னும் வெட்கம்.

மோல்மேனிலிருந்து ஒரு பதில்:

அண்ணே, என் மோட்டார் கதை நேர் எதிர். போன மழையில் மூன்று ரீடிங்கும் கச்சிதம், ஒவ்வொரு ஒயரிலிருந்தும் பாடிக்கு வைத்தாலும் ஓ.எல்.தான், ஆனால் ஓடும்போது பாடியைத் தொட்டால் சுரீர் என்கிறது. மல்டிமீட்டர் கொடுப்பது சில வோல்ட்தானே, அதற்கு இன்சுலேஷன் தாங்கிவிடுகிறது. இன்சுலேஷனைச் சோதிக்கிற மெக்கர் மீட்டரில் 500 வோல்ட் கொடுத்ததும் குட்டு வெளிப்பட்டது, 0.2 மெகா ஓம். ஒன்றாவது இருக்க வேண்டாமா? ஈரம்தான். ரோட்டரை எடுத்துவிட்டு ஸ்டேட்டருக்குள் 100 வாட் குண்டு பல்பை இரண்டு ராத்திரி எரியவிட்டேன், 20க்கு ஏறியது. அப்புறம் எர்த் ஒயரைப் பார்த்தால், பாடியில் மாட்டவே இல்லை.

தாமுவேயிலிருந்து:

சரி தம்பி, இப்போதே போய் எங்கள் எர்த் ஒயரைப் பார்க்கிறேன்.